நூத்தி நாப்பது ரூபாய் ஆயில் சீல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் படிப்பது பி.காம். தேய்மானக் கணக்கில் "மெஷினரி" என்று எழுதுவதோடு இன்ஜினுக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம் முடிந்தது. மெக்கானிக் அண்ணன்கள் யாராவது இதைப் படித்தால் சிரிக்காமல் படிக்கவும். தப்பு இருந்தால் சொல்லிவிட்டு அப்புறம் சிரிக்கவும் :-)

விஷயம் என் மாமாவின் டிவிஎஸ் எக்ஸ்எல் சூப்பர் பற்றியது. ஈசிஆரில் பாண்டிச்சேரி போனவர்களுக்கு மரக்காணம் தெரிந்திருக்கும். ரோட்டோரம் வெள்ளை வெளேரென்று உப்பைக் குவித்து வைத்திருப்பார்கள், காரில் போகிறவர்கள் இறங்கி போட்டோ எடுப்பார்கள். அந்த உப்பளத்துக்கு மாமாவும் அத்தையும் விடியற்காலையில் போவது இந்த வண்டியில்தான். முன்னால் தண்ணி கேனும் சாப்பாட்டுத் தூக்கும், பின்னால் அத்தை.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. எங்கள் மாவட்டத்தில் மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் 50 செ.மீ.யை ஒட்டி மழை. உப்பளம் எது, ஏரி எது என்று தெரியவில்லை. வாசலில் நின்ற வண்டி இரண்டு நாள் சீட்டு வரைக்கும் தண்ணியில் நின்றது. வடிந்ததும் மாமா துடைத்து ஓரமாக நிறுத்திவிட்டார். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது, வண்டிக்கும் வேலை இல்லை. பொங்கல் முடிந்து பாத்தி சீர் பண்ணுகிற வேலை வந்தபோது உதைத்துப் பார்த்தால், கிக்கர் இறங்கவே இல்லை.

"ஃபுல் இன்ஜின் வேலை தம்பி" என்றார் மெக்கானிக் அண்ணன். ஓடுகிற நிலையில் இருக்கும் பழைய எக்ஸ்எல் பத்தாயிரத்துக்குக் குறைந்து கிடைக்காது என்றார்கள். மாமா பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று இருந்தார். நான்தான், "நானே கழட்டி மாட்டறேன் மாமா, ஸ்பேர் காசு மட்டும் போதும்" என்று வாயை விட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தன் ஷெட்டில் உட்கார்ந்து வேலை பார்க்க அண்ணன் இடமும் ஸ்பேனரும் கொடுத்தார். "கழட்டறது யார் வேணா கழட்டலாம் தம்பி" என்று மட்டும் சொன்னார். அப்போது அர்த்தம் புரியவில்லை.

திறந்து பார்த்தபோது ஆச்சரியம். வண்டி இத்தனை வருஷம் ஓடித் தேய்ந்ததைவிட, சும்மா நின்ற ஒன்றரை மாதத்தில் கெட்டதுதான் அதிகம். காரணத்தை அண்ணன் சொன்னார். நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் கீழே தனியாக ஆயில் இருக்கும். எக்ஸ்எல் சூப்பர் இரண்டு ஸ்ட்ரோக். பெட்ரோலில் கலந்து ஊற்றுகிற 2டி ஆயில்தான் கிராங்குக்கும் அதன் பேரிங்குக்கும் கிடைக்கிற ஒரே எண்ணெய். காற்றும் பெட்ரோலும் கிராங்க் இருக்கிற அறைக்குள் நுழைந்துதான் மேலே சிலிண்டருக்குப் போகும். வண்டி ஓடினால் எண்ணெய் போய்க்கொண்டே இருக்கும். நின்றால் மெல்லிசாக ஒட்டியிருக்கிற படலம் மட்டும்தான். அங்கே உப்புத் தண்ணி புகுந்தால்? தண்ணி காய்ந்தாலும் உப்பு போகாது. காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பேரிங் குண்டுகள் வளையத்தோடு ஒட்டிப்போய், சிலிண்டர் சுவரில் அம்மைத் தழும்பு மாதிரி துரு.

தண்ணி வடிந்த அன்றைக்கே பிளக்கைக் கழற்றி, உள்ளே இருக்கிற தண்ணியை வெளியேற்றி, பெட்ரோலில் அலசி, கொஞ்சம் 2டி ஆயில் ஊற்றி நாலு உதை உதைத்திருந்தால் இவ்வளவு கெட்டிருக்காதாம். கடலோரத்தில் இருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி கணக்கு. (இதுதானே நமக்குத் தெரிந்தது!) கையில் இருந்தது மொத்தம் 3,500 ரூபாய்.

பிஸ்டன், ரிங், பின் செட் – 850
பிளாக் போரிங் – 400
கனெக்டிங் ராடு கிட் – 750
கிராங்க் பிரஸ் கூலி – 500
கிராங்க் பேரிங் 2 – 500
கேஸ்கெட் – 150
பிளக் – 100
2டி ஆயில், கழுவ மண்ணெண்ணெய், திண்டிவனம் பஸ் – 250

கூட்டினால் சரியாக 3,500. அண்ணன் எழுதிக் கொடுத்த சீட்டில் கடைசியாக இன்னொரு வரி இருந்தது. ஆயில் சீல் 2 – 140. பழைய சீலைப் பார்த்தேன். கிழியவில்லை, நன்றாகத்தான் இருந்தது. பட்ஜெட் டேலி ஆன சந்தோஷத்தில் அந்த வரியை அடித்துவிட்டேன். அண்ணனிடமும் சொல்லவில்லை.

ஒன்று கற்றுக்கொண்டேன். போரிங்குக்குக் கொடுக்கும் முன் பிஸ்டனை வாங்கிவிட வேண்டும். 46 மி.மீ. சிலிண்டர், துரு போக 0.50 ஓவர்சைஸ். லேத்காரர் பிஸ்டனைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கேற்ற மாதிரிதான் கடைவார். பிஸ்டன் தலையில் இருக்கிற அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும்.

மூன்றாவது ஞாயிறு சாயங்காலம், ஏழாவது உதையில் ஸ்டார்ட் ஆனது. அந்தப் புகை வாசனையில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. (தூசி, தூசி!)

பதினோரு நாள் ஓடியது. பன்னிரண்டாம் நாள் உப்பளத்துக்குப் போகிற வழியில் பாதி ரோட்டில் இறுகி நின்றுவிட்டது. மாமா வண்டியைத் தள்ள, அத்தை தண்ணி கேனைத் தலையில் வைத்து நடந்திருக்கிறார்கள். அன்றைக்குக் கூலி போச்சு. வண்டி சரியாகும் வரை தினமும் நடைதான்.

ஹெட்டைக் கழற்றுமுன் அண்ணன் பிளக்கைத்தான் பார்த்தார். முனை சாம்பல் மாதிரி வெளுத்திருந்தது. "ஆக்ஸிலேட்டரை விட்டாலும் வண்டி ரெய்ஸ் ஆகிட்டே இருந்துச்சா?" என்று மாமாவைக் கேட்டார். ஆமாம் என்றார் மாமா. "சீல் மாத்தினியா தம்பி?" என்றார் என்னைப் பார்த்து.

மேக்னட் பக்கத்து சீல். பார்வைக்கு நன்றாக இருந்தாலும் ரப்பர் உதடு இறுகிப்போயிருக்கிறது. அந்த இடுக்கில் வெளிக்காற்று உள்ளே போகிறது. காற்று கூடினால் பெட்ரோலின் பங்கு குறைகிறது, அதோடு கலந்த ஆயிலும் குறைகிறது. சூடு ஏறி, பிஸ்டன் விரிந்து, சிலிண்டரைக் கவ்விப் பிடித்துவிட்டது.

மறுபடியும் பிஸ்டன் 850, போரிங் 400, கேஸ்கெட் 150. கூட்டிப் பாருங்கள், 1,400. நான் மிச்சம் பிடித்தது 140. காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பரில் நல்ல மார்க் வாங்கியவன் நான்!

மாமாவிடம் அன்று ராத்திரி உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "பழைய இரும்புக்குப் போக இருந்த வண்டி மாப்ள, பதினோரு நாள் ஓடுச்சே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நூத்தி நாப்பது ரூபா என்கிட்ட கேட்டிருக்கலாமே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. வேலையில்லாத மாதத்தில் அவரிடம் மேற்கொண்டு காசு கேட்கக் கூச்சப்பட்டேன். அந்தக் கூச்சத்துக்கு வட்டி கட்டியது அத்தையின் கால்கள்.

இரண்டாம் முறை 1,400 ரூபாயை ஒரு நண்பனிடம் கடன் வாங்கினேன், சீலுக்கு 140 மாமா கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். வண்டி இன்றைக்கும் ஓடுகிறது. ஆனால் கணக்கில் ஒரு நஷ்டம் பணமாக வராதது. 0.50 போய் இப்போது 0.75 பிஸ்டன். இதற்குமேல் கடையில் கிடைப்பது 1.00 மட்டும்தான். அந்த பிளாக்கை இனி ஒரே ஒரு முறைதான் கடைய முடியும். அதற்கு இருந்த இரண்டு ஆயுளில் ஒன்றை நான் ஒரு பேனாக் கோட்டில் அடித்துவிட்டேன்.

பி.கு: கடந்த அக்டோபரில் மழை ஆரம்பித்ததும் மாமா வண்டியை ஓரங்கட்டினார். ஒவ்வொரு ஞாயிறும் போய் ஸ்டார்ட் பண்ணி, இன்ஜின் நன்றாகச் சூடாகும் வரை ஓட்டிவிட்டு வந்தேன். பெட்ரோல் காசு என்னுடையது.