கரைக் குறிப்புகள்

மன்னார்த் தீவு. கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ட்ரக்டர் வின்ச் கயிற்றைச் சுற்றியது. அந்த இரைச்சலில் ஒருவர் சொன்னது மற்றவருக்குக் கேட்கவில்லை. கைச்சாடைதான்.

வின்ச் வருமுன் அம்பாப் பாட்டு. ஒருவர் எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் சேர்ந்து இழுப்பார்கள். எப்போது இழுப்பது, எப்போது மூச்சு வாங்குவது, எல்லாம் பாட்டிலேயே வந்துவிடும்.

தாத்தாவுக்கு முழுப்பாட்டும் தெரியும். பேரனுக்கு மெட்டு மட்டும்.

வலை முதலாளியான சம்மாட்டியார் நாடியை ஒரு பக்கம் திருப்புவார். வள்ளம் அந்தப் பக்கம் திரும்பும்.

"ஏன் அண்ணை, நேற்று அங்கதானே மீன் பட்டது?" மற்றப் பக்கத்தைக் காட்டி ஒரு பொடியன் அவரைக் கேட்டான். எல்லோரும் முறைத்தார்கள். எனக்கு நல்ல கேள்வியாகத்தான் பட்டது.

பேச்சில்லாத சாடை அப்போதும் இருந்தது: 1905, மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்பு. கல்லில் கால் வைத்து இறங்குபவருக்கும் வள்ளத்தில் நிற்பவருக்கும் இடையில் கயிறு. கீழிருந்து ஒரு இழுப்பு வந்தால் மேலே தூக்க வேண்டும். மேலே நிற்பவர் பராக்குப் பார்த்தால் உயிர் போய்விடும்.

முத்துக்கு விலை பேசியது துணிக்குள், விரல் பிடித்து.

இப்போது நீலக்கால் நண்டைப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். வள்ளம் கரை தட்டுமுன் விலை வந்துவிடுகிறது.

கடலுக்குப் போகிறவரை "எங்க போறியள்?" என்று கேட்கக்கூடாது. சகுனம். மீன் படும் இடத்தை யாருக்கும் சொல்லாமல் வைத்திருக்கவும் அது உதவியிருக்கும்.

பொடியள் புறப்படும்போதே லொக்கேஷனை வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறார்கள். மனைவிக்கும் போகிறது. எஞ்சின் நின்றால் எங்கே தேடுவதென்றாவது தெரியும். இதில் நான் பொடியள் பக்கம். கரையில் விடியவிடியக் காத்திருந்த பெண்களைக் கேட்டால் அவர்களும் அதைத்தான் சொல்வார்கள்.

போனுக்கு இரண்டு பொலித்தீன் பை, மேலே றப்பர் பான்ட், பிறகு மூடி போட்ட டப்பா.

ஈரக் கைக்குத் திரை சரியாக வேலை செய்யாது. அதனால் குரல் பதிவு. பாதிக்கு மேல் காற்றுச் சத்தம்.

கடலிலிருந்து வந்த அப்படி ஒரு பதிவு. கரையில் ஒரு பெரியவர் மறுபடி போடச் சொன்னார். பேச்சை அவர் கவனிக்கவே இல்லை. "சோளகம் எழும்பிட்டுது. வரச் சொல்லு."

பக்கத்தில் நின்றவன் செயலியைத் திறந்து காற்று எத்தனை நொட் என்று பார்த்தான். தலையை ஆட்டினான். உடனே போன் எடுத்தான்.

சம்மாட்டியாரும் பொடியளின் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார். ஒரு வரி எழுதியதில்லை. பார்த்துவிட்டார் என்று நீல டிக் காட்டும், அவ்வளவுதான். அதை "ஓம்" என்று எடுப்பதா, "வேண்டாம்" என்று எடுப்பதா? பொடியளுக்குள் இன்னும் வாக்குவாதம்.