மூன்று வருட டிகிரியை மூன்று வருடத்திலேயே முடிப்போம்

கல்லூரியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும், அவர்களைக் கஷ்டப்பட்டுப் படிக்க வைக்கும் பெற்றோருக்கும் இந்த நீண்ட பதிவு.

"டாக்டருக்கு இதுல என்ன வேலை?" என்று கேட்பீர்கள்.

இருக்கிறது. சொல்கிறேன்.

கர்ப்பிணிகளைப் பதிவு செய்யும்போது என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்போம். எங்கள் நாமக்கல் பக்கம் அடிக்கடி கேட்கும் பதில் இது.

"டிகிரி படிச்சேனுங்க சார். ரெண்டு பேப்பர் நின்னு போச்சுங்க. அப்புறம் கல்யாணம் ஆயிருச்சுங்க."

மூன்று வருடம் கல்லூரிக்குப் போயிருக்கிறார். பஸ் ஏறி இறங்கியிருக்கிறார். பீஸ் கட்டியிருக்கிறார். ஆனால் கையில் இருப்பது பிளஸ் டூ சான்றிதழ் மட்டும்தான். டிகிரி கேட்கும் எந்த வேலைக்கும் அவரால் விண்ணப்பிக்க முடியாது.

அந்த இரண்டு பேப்பர் பெரும்பாலும் கஷ்டமான பாடமாகக்கூட இருக்காது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஒரு ஒப்பீடு.

எம்பிபிஎஸ் படிப்பில் முதலாமாண்டுத் தேர்வில் தேறவில்லை என்றால் இரண்டாம் ஆண்டுக்குப் போக முடியாது. துணைத் தேர்வு எழுதித் தேற வேண்டும். முதலாமாண்டுத் தேர்வுக்கு மொத்தமே நான்கு வாய்ப்புகள். சேர்ந்த நாளிலிருந்து ஒன்பது ஆண்டுகளுக்குள் படிப்பை முடித்தாக வேண்டும் என்று 2023-ல் வந்த தேசிய மருத்துவ ஆணைய விதி சொல்கிறது.

கொடுமையாகத் தெரியும். ஆனால் இதில் ஒரு நன்மை உண்டு. தேறாதவனுக்கு, தான் தேறவில்லை என்பது அன்றைக்கே உறைத்துவிடும்.

கலை அறிவியல் கல்லூரியில் அப்படி இல்லை. முதல் செமஸ்டரில் மூன்று பேப்பர் போனாலும் இரண்டாவது செமஸ்டர் வகுப்பில் உட்காரலாம். அதில் இரண்டு போனாலும் மூன்றாவதற்குப் போகலாம். யாரும் தடுப்பதில்லை. பஸ் பாஸ் அதே, நண்பர்கள் அதே, கேன்டீன் அதே.

ரத்தக் கொதிப்பு இப்படித்தான் இருக்கும். வலிக்காது. வேலைக்குப் போகலாம், விசேஷத்துக்குப் போகலாம், எல்லாம் நன்றாக இருப்பது போலவே தெரியும். ஒருநாள் மொத்தமாகக் காட்டும்.

அரியரும் வலிக்காத வியாதி.

அது காட்டும் நாள் ஆறாவது செமஸ்டர். அந்த செமஸ்டரின் பாடங்களோடு பழைய ஆறேழு பேப்பரும் சேர்ந்து நிற்கும். காலையில் ஒரு தேர்வு, மதியம் ஒரு தேர்வு என்று வரும். அதற்கு எந்த மூளையும் தயாராக இருக்காது.

ஆகவே நான் சொல்ல வருவது ஒன்றுதான். டிகிரி சரியான நேரத்தில் முடியுமா முடியாதா என்பது மூன்றாம் ஆண்டில் தீர்மானமாவதில்லை. முதல் இரண்டு செமஸ்டரில் தீர்மானமாகிறது.

சரி. எப்படித் திட்டமிடுவது?

1. கணக்கு நோட்டு ஒன்று போடுங்கள்

சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கலை அறிவியல் கல்லூரிகள் 1997-ல் தொடங்கப்பட்ட பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. தமிழ்நாட்டில் மூன்றாண்டு இளநிலைப் படிப்புக்குப் பொதுவாக 140 கிரெடிட். ஆறு செமஸ்டருக்குப் பிரித்தால் சராசரியாக 23 சொச்சம்.

இந்த 140-ம் ஐந்து பகுதிகளாக இருக்கும். பகுதி ஒன்று தமிழ் அல்லது வேறு மொழி. பகுதி இரண்டு ஆங்கிலம். பகுதி மூன்று உங்கள் முக்கியப் பாடமும் துணைப் பாடமும். பகுதி நான்கில் சுற்றுச்சூழல் கல்வி, மதிப்புக் கல்வி, திறன் பாடங்கள். பகுதி ஐந்து என்எஸ்எஸ், என்சிசி போன்றவை.

உங்கள் துறையின் பாடத்திட்டத்தை முதல் மாதமே வாங்கி, ஆறு செமஸ்டர் பாடங்களையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். பக்கத்தில் கிரெடிட். தேறியதும் ஒரு டிக்.

நோயாளிக்கு கேஸ் ஷீட் மாதிரி உங்களுக்கு இந்தப் பக்கம். இதை உங்களுக்காகக் கல்லூரி பராமரிக்காது. நீங்கள்தான் பராமரிக்க வேண்டும்.

2. சின்னப் பேப்பரை அலட்சியம் செய்யாதீர்கள்

மேலே அந்தத் தங்கை சொன்ன "ரெண்டு பேப்பர்" பல நேரம் இந்தப் பகுதி நான்கில்தான் இருக்கும்.

"சுற்றுச்சூழல் பேப்பர்தானே, சும்மா எழுதிக்கலாம்" என்று விட்டுவிடுவார்கள். முக்கியப் பாடத்தில் 80 மார்க் வாங்கியவர்கூட இரண்டு கிரெடிட் பாடத்தில் மாட்டிக்கொண்டு பட்டம் வாங்காமல் நிற்பார்.

அந்தப் பாடம் சும்மா வந்ததல்ல. சுற்றுச்சூழல் கல்வி கட்டாயம் என்று எம்.சி. மேத்தா வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2003-ல் மறுபடியும் வலியுறுத்தியது. அதன் பிறகுதான் எல்லா இளநிலைப் படிப்புக்கும் யுஜிசி பாடத்திட்டம் வந்தது. பி.காம். என்றாலும் பி.ஏ. என்றாலும் தப்ப முடியாது.

இரண்டு கிரெடிட் குறைந்தாலும் பட்டம் இல்லை. 138-க்கு டிகிரி தர மாட்டார்கள்.

3. அரியர் விழுந்தால் அடுத்த தேர்விலேயே எழுதுங்கள்

"பைனல் இயர்ல சேர்த்து எழுதிக்கலாம்" என்பது மிக ஆபத்தான வாக்கியம்.

பாடம் நடத்திய ஆசிரியர் அங்கேயே இருப்பார். நோட்ஸ் கையில் இருக்கும். படித்ததில் பாதி ஞாபகத்தில் இருக்கும். ஆறு மாதம் கழித்து எழுதுவதும் இரண்டு வருடம் கழித்து எழுதுவதும் ஒன்றல்ல.

மறுமதிப்பீட்டுக்குப் போட்டிருக்கிறீர்களா? பல நேரம் அதன் முடிவு வருவதற்குள் அடுத்த தேர்வுக்குப் பணம் கட்டும் கடைசித் தேதி போய்விடும். முடிவுக்காகக் காத்திருக்காமல் அரியர் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள். நூற்றுச் சொச்ச ரூபாய் போனால் போகட்டும், ஆறு மாதம் மிஞ்சும்.

4. வருகைப் பதிவும் என் கையெழுத்தும்

தேர்வு நெருங்கும் மாதங்களில் புறநோயாளிப் பிரிவுக்கு ஒரு கூட்டம் வரும். காய்ச்சல் இருக்காது.

"சார், போன மாசத்துக்கு ஒரு இருபது நாள் மெடிக்கல் சர்டிபிகேட் வேணும்."

தர முடியாது தம்பி. பொய்ச் சான்றிதழில் கையெழுத்திடுவது 2002-ம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகளின்படி தொழில்முறைக் குற்றம். என் பதிவே போகும்.

கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள். 75 சதவீதம் என்றால் 68 நாள் வர வேண்டும். அதாவது 22 நாள் வரை விடுப்பு எடுக்க இடமிருக்கிறது. அதற்குக் கீழே 65 சதவீதம் வரை, காரணம் காட்டிக் கட்டணம் செலுத்தினால் பொதுவாக மன்னிப்பு உண்டு. அதற்கும் கீழே போனால் அந்தத் தேர்வையே எழுத விட மாட்டார்கள்.

22 நாள் என்பது பெரிய இருப்பு. அதை முதல் மாதமே சினிமாவுக்கும் டூருக்கும் செலவழித்துவிட்டால், நிஜமாகவே டெங்குவோ டைபாய்டோ வரும்போது கையில் எதுவும் இருக்காது.

நிஜமாக நோய் வந்தால் புறநோயாளிச் சீட்டு, ரத்தப் பரிசோதனை முடிவு, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். படுக்கையில் இருக்கும்போதே துறைத் தலைவருக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். அந்த நாட்களுக்குச் சான்றிதழ் தர நாங்கள் ஒருபோதும் தயங்க மாட்டோம்.

5. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்கு

நம் ஊரில் இது பாதிப் பேரின் கதை. பள்ளிபாளையம், குமாரபாளையம் தறிப்பட்டறை. நாமக்கல் கோழிப்பண்ணை, லாரி பட்டறை. சேலத்தில் கொலுசுப் பட்டறை. ஆத்தூர் பக்கம் சேகோ மில். ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு நேராக வகுப்புக்கு வந்து தூங்கும் பிள்ளைகள் உண்டு.

வேலையை விடு என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. அந்தச் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரியலாம்.

ஆனால் மூன்று விஷயம் செய்யலாம். செமஸ்டர் தேர்வு பெரும்பாலும் நவம்பரிலும் ஏப்ரலிலும் வரும். அந்த மூன்று வாரம் பகல் ஷிப்ட் அல்லது விடுப்பு வேண்டும் என்று முதலாளியிடம் இரண்டு மாதம் முன்பே கேளுங்கள். பல அரசுக் கல்லூரிகளில் இரண்டு ஷிப்ட் வகுப்புகள் நடக்கின்றன. சேரும்போதே உங்கள் வேலைக்கு ஏற்ற ஷிப்ட் எது என்று பார்த்துச் சேருங்கள். தூக்கத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். படித்தது மனதில் பதிவதே தூங்கும்போதுதான். ராத்திரி முழுக்க விழித்துப் படித்துவிட்டுப் போய் எழுதுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது மாதிரி.

அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. மாதம் 1000 ரூபாய். தகுதி இருந்தும் விண்ணப்பிக்காமல் இருந்தால் இன்றே கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். மாதத்தில் இரண்டு மூன்று ராத்திரி ஷிப்டாவது குறையும்.

6. "படிச்சா மண்டையில ஏற மாட்டேங்குது"

இதைச் சொன்னால் திட்டுவதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றுப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்த சோகை. பாதிக்கு மேல்! ஹீமோகுளோபின் 8 இருக்கும் பிள்ளைக்குப் புத்தகத்தைத் திறந்தாலே தலை சுற்றும், அசதி வரும். அது சோம்பேறித்தனம் அல்ல. இரும்புச்சத்து மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம்.

கரும்பலகை தெரியவில்லை என்பதை வெட்கப்பட்டுச் சொல்லாத பிள்ளைகளும் உண்டு. கண்ணையும் காட்டுங்கள்.

7. அதிசயத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள்

2020 ஆகஸ்ட் 26 ஞாபகம் இருக்கிறதா? கொரோனா காலம். அரியர் தேர்வுக்குப் பணம் கட்டியவர்களுக்கு, இறுதி செமஸ்டர் தவிர மற்றவற்றில் தேர்ச்சி என்று அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். ஊரெல்லாம் பட்டாசு. ஏஐசிடிஇ எதிர்த்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் போனது. தேர்வே இல்லாமல் தேர்ச்சி என்பதை ஏற்க முடியாது என்று 2021 ஏப்ரலில் நீதிமன்றம் சொன்னது.

பாஸ் ஆகிவிட்டோம் என்று புத்தகத்தை எடைக்குப் போட்டவர்கள் மாதக்கணக்கில் தவித்தார்கள்.

கால வரம்பும் உண்டு. படிப்புக் காலத்துக்கு மேல் இரண்டு ஆண்டு, விதிவிலக்கான சூழலில் இன்னொரு ஆண்டு என்று 2015-ல் யுஜிசி வழிகாட்டியிருக்கிறது. மூன்று வருடப் படிப்புக்கு அதிகபட்சம் ஆறு வருடம். சிறப்பு வாய்ப்பு என்று எப்போதாவது பல்கலைக்கழகம் அறிவிக்கும். அது வந்தால் லாபம். அதை நம்பி வாழ்க்கையை வைக்காதீர்கள்.

டிஎன்பிஎஸ்சி அறிவிப்பு வரும் தேதியில் உங்களிடம் பட்டத் தகுதி இருக்க வேண்டும். "ரிசல்ட் வரப்போகுது சார்" என்பது அங்கே செல்லாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை.

"எத்தனை மார்க்?" என்று கேட்பதோடு "எத்தனை பேப்பர் நிக்குது?" என்றும் கேளுங்கள். திட்டுவதற்காக அல்ல. திட்டினால் அடுத்த முறை மறைப்பார்கள். மறைத்த அரியர்தான் குட்டி போடும். பெண் பிள்ளைக்கு மாப்பிள்ளை பார்க்கிறீர்களா? தேதி குறிக்கும் முன் கடைசிப் பேப்பர் ரிசல்ட்டைப் பாருங்கள். ஆறு மாதம் தள்ளினால் முகூர்த்தம் மறுபடி வரும். கைக்குழந்தையோடு தேர்வு மையம் போவது எல்லாருக்கும் முடிவதில்லை.

ஏற்கெனவே ஐந்தாறு அரியரோடு இதைப் படித்துக்கொண்டிருக்கும் தம்பிக்கும் தங்கைக்கும்...

நிறைய பேருக்கு இந்த நிலை இருக்கிறது. நீங்கள் தனியாக இல்லை. எல்லாவற்றையும் ஒரே தேர்வில் தூக்க நினைக்காதீர்கள். தேற வாய்ப்பு அதிகமுள்ள மூன்றை முதலில் எடுங்கள். சின்னப் பேப்பர் அதில் ஒன்றாவது இருக்கட்டும். ஒரு டிக் விழுந்தால் அடுத்ததற்குத் தெம்பு வரும்.

மனசு தாங்கவில்லை, வாழவே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 14416 அல்லது 104-க்குக் கூப்பிடுங்கள். இரண்டும் இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள். விஷம் குடித்து வந்த பிள்ளைகளுக்கு வயிறு கழுவியவன் என்ற முறையில் சொல்கிறேன். நின்று போன பேப்பரை நவம்பரில் எழுதலாம், ஏப்ரலில் எழுதலாம். அதற்கு நீங்கள் இருக்க வேண்டும்.

தேர்வுக் கட்டணத் தேதி எப்போது என்று நாளை காலை கல்லூரி அறிவிப்புப் பலகையில் பாருங்கள். உங்கள் வீட்டில், பக்கத்து வீட்டில் முதலாமாண்டு படிப்பவர் இருந்தால் இதை அனுப்புங்கள்.