கல்லாப்பெட்டிக் கணக்கு

இரவு பதினொரு மணிக்கு தோசைக்கல் ஆறிய பிறகுதான் அவர் கணக்கு நோட்டைத் திறப்பது வழக்கம். அரிசி, எண்ணெய், சிலிண்டர், சப்ளையர் சம்பளம். அன்று நோட்டின் பின்பக்கத்தில் புதிதாக ஒரு கணக்கு ஏறியது. பி.யு.சி. முடித்த மகள் ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிக்க வேண்டும் என்கிறாள். விசாரித்த தனியார் கல்லூரி மூன்று வருடத்துக்குக் கேட்டது ரூ. 6 லட்சம்.

அவருக்கு சொந்த ஊர் பாலக்கோடு. பெங்களூரின் ஓசூர் சாலையில், ஹெப்பகோடியில் மெஸ் போட்டு 22 வருடமாகிறது. பொம்மசந்திரா தொழிற்பேட்டைக்கு ஷிப்ட் போகும் பையன்கள்தான் வாடிக்கை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தி, எச்சில் தட்டு எடுப்பதில் ஆரம்பித்து மாஸ்டர் வரை வந்தவர். ஆகவே அவருடைய கேள்வியில் நியாயம் இருந்தது.

"நம்ம அடுப்புல கத்துக்க முடியாததை ஆறு லட்சம் குடுத்து என்ன கத்துக்கப் போற கண்ணு?"

மகள் திருப்பிக் கேட்டாள்: "ஒரு சாப்பாடு போட நமக்கு எவ்வளவு செலவாகுதுப்பா?"

மாதச் செலவு அவருக்குத் தலைகீழ் மனப்பாடம். ஒரு சாப்பாட்டின் செலவு தெரியாது. பக்கத்துக் கடைக்காரர் என்ன விலை வைக்கிறாரோ அதுவே இவர் விலையும். ஹோட்டல் படிப்பில் ஒவ்வொரு பண்டத்துக்கும் கிராம் கணக்கில் செலவு போடச் சொல்லித் தருகிறார்கள் என்றாள் மகள். அவர் பதில் சொல்லவில்லை.

வழிகள் இல்லாமல் இல்லை. மத்திய அரசு 1982ல் அமைத்த தேசிய கவுன்சிலின் கீழ் இயங்கும் ஹோட்டல் மேலாண்மைக் கல்லூரிகளில் ஒன்று பெங்களூர் சேஷாத்ரி சாலையிலேயே இருக்கிறது. நுழைவுத் தேர்வு எழுதித்தான் பி.எஸ்சி.யில் சேர வேண்டும். மூன்று வருடப் படிப்பு, நடுவே சில மாதம் ஹோட்டலில் பயிற்சி. பட்டம் வேண்டாம், தொழில் போதும் என்பவர்களுக்கு ஒன்றரை வருட கிராஃப்ட் படிப்பு உண்டு. கல்லூரி எட்டாதவர்களுக்காகவே பாண்டிச்சேரியில் 1995லும் சென்னையில் 1996லும் சமுதாயக் கல்லூரிகள் தொடங்கின. குறைந்த கட்டணம், குறுகிய காலம், வேலையிடத்திலேயே பயிற்சி என்பது அவற்றின் ஏற்பாடு. மகளோ இந்த வருட நுழைவுத் தேர்வைக் கோட்டைவிட்டிருந்தாள். தனியார் கல்லூரி காத்திருக்கச் சொல்லவில்லை. உடனே முன்பணம் கட்டச் சொன்னது.

மெஸ்ஸில் ராச்சாப்பாட்டுக்கு வரும் இளைஞர் ஒருவர், பட்டம் வாங்கி நட்சத்திர ஹோட்டலில் வேலை பார்ப்பவர். அவரை உட்கார வைத்து விசாரித்தார்.

"முதல் மூணு வருசம் உங்க பரோட்டா மாஸ்டரை விட எனக்கு சம்பளம் கம்மிண்ணா" என்றார் அந்தப் பையன். நின்றே பார்க்க வேண்டிய வேலை. தீபாவளி, பொங்கல் என்று ஊரே விடுமுறை எடுக்கும்போதுதான் கூட்டம் அதிகம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் முதலில் பூட்டிய கதவுகளில் ஹோட்டல் கதவும் ஒன்று. பல மாதம் ஊரில் சும்மா இருந்தாராம்.

"அப்புறம் எதுக்குப்பா அந்தப் படிப்பு?"

"மாஸ்டருக்கு அடுத்த படி கிடையாதுண்ணா. எனக்கு உண்டு. ஏறுற வரைக்கும் தாக்குப் பிடிக்கணும். என்கூடப் படிச்ச பாதிப்பேர் ஹோட்டலை விட்டுட்டாங்க. ஆனா சும்மா இல்ல. ஆஸ்பத்திரி, விமானக் கம்பெனி, கடைன்னு இருக்காங்க. ஆளுங்ககிட்ட பேசத் தெரிஞ்சா எங்கயும் வேலை இருக்கு."

ஆக, கட்டணம் மட்டும் செலவில்லை. படிக்கும் மூன்று வருடம் வருமானம் கிடையாது. அடுத்த மூன்று வருடம் அரைச் சம்பளம். ஆறு லட்சம் கடன் வாங்கினால் அந்த அரைச் சம்பளத்தில் வட்டியும் சேர்ந்து போகும். அதே பட்டத்தைக் குறைந்த கட்டணத்தில் படிக்க முடிந்தால் கணக்கே வேறு. அவர் நோட்டில் கோடு போட்டுப் பிரித்து எழுதினார்.

பாலக்கோட்டிலிருந்து வந்த அக்காவுக்கு வேறு கவலை. "வயசுப் பொண்ணை ஹோட்டல் வேலைக்கா அனுப்பப் போற? ராத்திரி ஷிப்ட் எல்லாம் இருக்குமாமே."

இதுவரை பேசாமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தார். "இருபத்திரெண்டு வருசமா நான் பார்க்கிறது என்ன வேலைங்க அண்ணி? ராத்திரி பதினோரு மணி வரைக்கும்?"

யாரும் பேசவில்லை. அவர் மட்டும் நோட்டின் முன்பக்கத்தைப் புரட்டினார். சப்ளையருக்குச் சம்பளம் இருந்தது. தட்டு கழுவுகிறவருக்கு இருந்தது. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து மாவு எடுத்து வைப்பவரின் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. மகள் படிக்காமல் மெஸ்ஸிலேயே நின்றுவிட்டால் அவள் பெயரும் இருக்காது. படிப்புச் செலவை ஆறு லட்சம் என்று அவரால் சட்டென்று சொல்ல முடிந்தது. படிக்காமல் இருப்பதன் செலவு நோட்டில் ஏறாததால்தான் அது மலிவாகத் தெரிந்தது.

தனியார் கல்லூரிக்குப் பணம் கட்டவில்லை. அடுத்த நுழைவுத் தேர்வுக்கு மகள் படிக்கிறாள். கிடைக்காவிட்டால் கிராஃப்ட் படிப்பு என்று பேச்சு. 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் தடம் திறந்துவிட்டதால் ஹெப்பகோடியிலேயே ரயில் ஏறலாம், விடுதிச் செலவு மிச்சம். அதுவரை மெஸ் கணக்கு அவள் பொறுப்பு, சம்பளத்தோடு.

அவள் செய்த முதல் வேலை, அம்மாவுக்கும் ஒரு சம்பளம் போட்டு வரி எழுதியது. 22 வருடத்தில் முதல் தடவையாக அந்த மாதம் மெஸ் நஷ்டம் காட்டியது. மறுநாள் சாப்பாட்டு விலையை அவர் ஐந்து ரூபாய் ஏற்றினார்.