சிலீப்பர் கட்டை கற்பித்த ஓட்டம்

தடகளப் போட்டிகளை நடத்துவோர் 35 வயது நிரம்பியவர்களை ‘மூத்தோர்’ என்னும் பிரிவில் சேர்க்கின்றனர். பிள்ளைகள் இன்னும் தொடக்கப் பள்ளியைத் தாண்டாத நிலையில், நான் மூத்தோனாகி ஈராண்டுகள் ஆயின என்று அறிந்தபோது எனக்கு நகைப்பே வந்தது. ஆயினும் அப்பிரிவினை வகுத்தோர் காரணமின்றி வகுத்தாரல்லர். பயிற்சியைத் தொடங்கிய சில வாரங்களிலேயே இதயமும் மூச்சும் பழகிவிடுகின்றன. தசையை எலும்போடு பிணைக்கும் நாண்கள் பழகுவதற்கோ பல மாதங்கள் வேண்டும். வயது ஏற ஏற இவ்விடைவெளி அகலுகின்றது. மூச்சு ‘ஓடு’ என்கிறது. குதிகால் ‘பொறு’ என்கிறது. காயங்களிற் பெரும்பாலானவை இவ்விரண்டிற்கும் இடையே பிறப்பவையே.

நம் சங்கத்து அன்பர்கள் இதனைச் சிறு செய்தியென ஒதுக்கலாகாது. பிழைப்பை நாடி எல்லை கடந்து வந்த நம் குடும்பங்களில் பலவற்றுக்கு ஒருவர் சம்பாத்தியமே ஆதாரம். அவர் கால் முடங்குமாயின், ஓடிவந்து தாங்க அண்ணன் தம்பியர் அடுத்த தெருவில் இல்லை. அதற்கு அஞ்சி ஓடாமலே இருந்துவிடுவதும் தீர்வன்று. நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்து கோப்புகளைப் புரட்டும் என் போன்ற ரயில்வே குமாஸ்தாக்களுக்குச் சர்க்கரை நோய் எத்துணை அருகில் நிற்கிறது என்பதை நான் சொல்லவேண்டுவதில்லை.

விழிஞ்ஞத்தில் என்னுடன் காலையில் ஓடுபவர் ஒரு பெரியவர். இரணியல் பக்கத்தவர், இருப்புப்பாதையில் கீமேனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர், வயது 64. துறைமுகத்தில் வேலை பார்க்கும் மருமகன் வீட்டில் இருந்துகொண்டு, பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் சென்று திரும்புபவர். அவர் ஓடுவதைக் காண்போர்க்கு அது ஓட்டமென்றே தோன்றாது. காலைத் தூக்கியும் தூக்காமலும், குறுகிய அடிகளாக, ஓசையின்றிச் செல்வார். எட்டி எட்டிக் கால் வைத்து அவரைக் கடந்து போகும் இளைஞர்கள் சில திங்களில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு காணாமற்போவார்கள்; பெரியவர் தொடர்ந்து வந்துகொண்டேயிருப்பார்.

“இந்த நடையை யாரிடம் கற்றீர்கள், ஐயா?” என்று ஒருமுறை கேட்டேன். “யாரிடம் கற்க, தம்பி? கட்டையிடந்தான். கட்டைக்குக் கட்டை கால் வைக்கவேண்டும். எட்டி வைத்தால் ஜல்லி காலை வாரிவிடும்” என்றார்.

இன்றைய முக்கிய இருப்புப்பாதைகளில் கிலோமீட்டருக்கு 1,660 காங்கிரீட் சிலீப்பர்கள் என்பது கணக்கு. அஃதாவது கட்டைக்கும் கட்டைக்கும் இடையே ஏறத்தாழ 60 சென்டிமீட்டர். வளர்ந்த ஆடவனின் இயல்பான நடையைவிடச் சிறிய அடி அது. ஆண்டுக்கணக்காகச் சுத்தியலையும் ஸ்பானரையும் சுமந்து அந்த அளவில் நடந்த கால்கள், ஓடும்போதும் உடலுக்கு முன்னே நீளுவதை மறந்துவிட்டன போலும்.

இதனை ஆராய்ச்சியும் அரண் செய்கின்றது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் 2011-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, வேகத்தை மாற்றாமலே நிமிடத்திற்கு வைக்கும் அடிகளை நூற்றுக்கு 5 முதல் 10 வரை கூட்டினால், முழங்காலும் இடுப்பு மூட்டும் தாங்கவேண்டிய சுமை குறைகிறதென்று காட்டிற்று. அடி குறுகும்போது பாதம் உடலுக்கு வெகு முன்னே சென்று ஊன்றாமல், ஏறக்குறைய முழங்காலுக்கு நேர் கீழே இறங்குகிறது. சோதிப்பதும் எளிது. வலக்கால் தரையைத் தொடுவதை அரை நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குக. 38 வந்தால் நிமிடத்திற்கு 152 அடிகள். அதை 40 அல்லது 41 ஆக்கினால் போதும். 180 என்னும் எண்ணைச் சிலர் மந்திரம்போல் ஓதுகின்றனர்; உயரத்துக்கும் வேகத்துக்கும் தக்கபடி மாறுவதை ஒரே எண்ணில் அடக்குவது எங்ஙனம்?

கனடா நாட்டில் வாழ்ந்த எட் விட்லாக் என்பார் 2004-இல் தம் 73-ஆம் வயதில் மாரத்தான் தொலைவாகிய 42 கிலோமீட்டர் சொச்சத்தை மூன்று மணி நேரத்திற்குள் ஓடினார். 2016-இல், 85 வயதில், நான்கு மணி நேரத்திற்குள் ஓடினார். அவர் பயிற்சி செய்த களம் வீட்டருகேயிருந்த ஓர் இடுகாடு! அங்கே சிற்றடி வைத்து, மெதுவாக, மணிக்கணக்கில் சுற்றிவருவாராம். நம் பெரியவரின் ஓட்டத்தைக் கேலி செய்வோர் இதனை நினைவிற் கொள்க.

முன்பாதத்தை ஊன்றி ஓடுவதே மேலென்று கூறுவோரும் உளர். அது முழங்காலின் சுமையைக் குறைக்கும் என்பது உண்மையே. குறைந்த சுமை கெண்டைக்காலுக்கும் குதிகால் நாணுக்கும் அல்லவா போய்ச் சேர்கிறது? வயதானோரிடம் தளர்ந்து நிற்பவை அவ்விரண்டுமே.

பெரியவருக்கும் ஈராண்டுகளுக்கு முன் அந்நாண்தான் வலித்தது. ஒரு மருத்துவர், “இந்த வயதில் ஓட்டம் எதற்கு? விட்டுவிடுங்கள்” என்றார். பெரியவர் பதில் பேசவில்லை. ஆனால் அவ்வாரம் முழுதும் திண்ணையை விட்டு எழாததைக் கண்டு வீட்டார் கலங்கினர். பின்னர் இயன்முறை மருத்துவர் ஒருவர் வேறு வழி காட்டினார். ஸ்வீடன் நாட்டு மருத்துவர் ஆல்ஃபிரட்சன் 1998-இல் வெளியிட்ட முறை அது. படியின் விளிம்பில் முன்பாதத்தால் நின்று, நல்ல காலால் எழும்பி, வலிக்கும் காலில் உடல் எடையை மாற்றி, குதிகாலைப் படிக்குக் கீழே மிக மெதுவாக இறக்கவேண்டும். 15 தடவை வீதம் மூன்று சுற்று, முழங்காலை நீட்டி ஒருமுறை, மடக்கி ஒருமுறை, நாளுக்கு இருவேளை, 12 வாரம். நாண் எலும்போடு சேருமிடத்திலேயே வலி இருப்பின் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்கலாகாது. ஓடும்போது யாரோ பின்னிருந்து உதைத்தாற்போல் ‘படீர்’ என்றால் பயிற்சியை எண்ணாது உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

பேரப்பிள்ளைகள் எண்ணிக்கை சொல்ல, பெரியவர் வாசற்படியில் 12 வாரமும் நின்றார். அதன்பின் ஒரு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை என்று தொடங்கியவர், அரைமணி நேரம் இடைவிடாது ஓட மேலும் மூன்று மாதம் எடுத்துக்கொண்டார். அவசரப்படுத்தியவன் நானல்லன் என்பதற்கு அவரே சாட்சி.

கடலோரத்தில் வாழும் நமக்கு மணல் மெத்தெனத் தோன்றும். ஆனால் கால் புதையும் மணலில் ஓடக் கெட்டித் தரையைக் காட்டிலும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு சக்தி செலவாகின்றது. குதிகாலும் ஆழ இறங்கி நாணை இழுக்கின்றது. அலை நனைத்த மணல் கெட்டிதான், சாய்ந்ததும் ஆகும்; கடற்பக்கக் கால் எப்போதும் பள்ளத்திலேயே ஊன்றும். ஆகவே நாங்கள் அடிமலத்துறைக் கரையில் கரைமடி இழுப்போரைப் பார்த்துக்கொண்டு நடப்பதோடு சரி; ஓடுவது சாலையில்.

சாலைக்கும் ஒரு விதி உண்டு. பஞ்சாபில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய ஃபௌஜா சிங் 89 வயதில் ஓட்டப் பயிற்சி தொடங்கி, 2011-இல் நூறு வயதினராக டொராண்டோ மாரத்தானை முடித்தவர். பிறப்புச் சான்று இல்லாமையால் கின்னஸ் ஏட்டில் அவர் பெயர் ஏறவில்லை. முதுமை வீழ்த்தாத அப்பெருமகனை 2025 ஜூலையில் சொந்த ஊர்ச் சாலையில் ஒரு மோட்டார் வண்டி மோதி வீழ்த்திற்று. இடவப்பாதி மழைக்காலத்தில் புறவழிச் சாலை மங்கிக் கிடக்கும்போது, நானும் பெரியவரும் வெளிர்நிறச் சட்டையணிந்து, வண்டிகள் எதிரே வரும்படியாகச் சாலையின் வலப்புறத்திலேயே ஒருவர் பின் ஒருவராகச் செல்கிறோம். முன்னால் போகிறவர் அவர்தாம்; அவருடைய அடிக்கு என் அடியை அளந்து வைப்பது எனக்கு எளிதாயிருக்கிறது.