பரோட்டா மாஸ்டர் மகன்

போன சனிக்கிழமை வீட்டில் பரோட்டா போட்டேன். வந்தது என்னவோ அப்பளத்துக்கும் சப்பாத்திக்கும் நடுவில் ஏதோ ஒன்று. மகள் ஒரு வாய் தின்றுவிட்டு மரியாதைக்குச் சிரித்தாள்.

இந்த விபரீத ஆசை வந்தது, இங்கே துபாயில் ஒரு ஏமன் உணவகத்தில். மந்தி சாப்பிடப் போயிருந்தோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் முலாவா போட்டுக்கொண்டிருந்தார். அதுவும் அடுக்கு ரொட்டிதான். மாவை மெல்லிசாக இழுத்து, நெய் தடவி, மடித்து, மறுபடி விரித்து, கருஞ்சீரகம் தூவி அடுப்பில் வைக்கிறார்கள். நம்மூர் போலச் சுருட்டுவதில்லை. ஆனால் அந்த மனுஷன் மாவை உள்ளங்கையால் தட்டி இழுத்த விதம்... அப்படியே என் அப்பா. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அப்பா குமுளியில் ஒரு ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். எங்கள் ஊர் பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறை. இரண்டும் கேரளாதான். ஆனால் வீட்டுக்கு வர அவர் கம்பம், தேனி, பழனி, உடுமலை, பொள்ளாச்சி என்று தமிழ்நாட்டுக்குள் ஒரு சுற்று சுற்றி, கோபாலபுரம் வழியாக மறுபடி கேரளாவுக்குள் நுழைவார். மாதம் ஒரு தடவை. சட்டையில் எண்ணெய் வாசம். தோளுக்கு அம்மா தைலம் தேய்ப்பாள்.

சின்ன வயசில் "எனக்கும் வீசக் கத்துக்கொடுங்கப்பா" என்று கேட்டிருக்கிறேன். "வேண்டாஞ் சாமி, நீ நோட்டு எண்ணோணும்" என்பார். பி.காம் சேர்ந்ததும் நானே கேட்பதை நிறுத்திவிட்டேன். கூடப் படித்தவர்களிடம் அப்பா ஓட்டல் வைத்திருக்கிறார் என்றேன். வங்கி வேலை விண்ணப்பத்திலும் தகப்பனார் தொழில்: வியாபாரம். இன்று என் மேஜைக்கு அப்படி ஒரு படிவம் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்!

சரி, பரோட்டாவுக்கு வருவோம். அரை கிலோ மைதா, உப்பு, கொஞ்சம் சர்க்கரை, எண்ணெய், தண்ணீர். நன்றாகப் பிசைந்து ஈரத்துணி போட்டு மூடி வைக்க வேண்டும். மாவு ஊறினால்தான் கிழியாமல் இழுபடும். உருண்டை பிடித்து எண்ணெய் தடவி இன்னொரு தடவை ஊறல். பிறகு வீசி, கொசுவி, சுருட்டி, கையாலேயே தட்டிக் கல்லில் போடுவது. எண்ணெய்தான் அடுக்குகளை ஒட்டவிடாமல் காக்கிறது. வெந்ததும் நாலைந்தை அடுக்கி இரண்டு பக்கமும் சூட்டோடு அடித்தால் இதழ் பிரியும். எனக்கு உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம்.

அம்மாவுக்கு போன் போட்டேன்.

"எத்தனை நேரம் ஊற வச்சே?"

"அரை மணி நேரம்மா."

"உங்கப்பா காலைல பிசைஞ்சா சாயங்காலந்தான் கல்லுல போடுவாரு" என்றாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்பா போய் ஆறு வருஷம்.

2020-ல் கர்நாடகத்தில் ஒரு வரி ஆணையம், பாக்கெட் பரோட்டா ரொட்டி இனத்தில் சேராது, 18% ஜி.எஸ்.டி. கட்டு என்றது. 2025 செப்டம்பர் 22 முதல் சப்பாத்தியோடு சேர்த்துப் பரோட்டாவுக்கும் வரி கிடையாது. பரோட்டாவுக்கு ஐந்து வருஷத்தில் மரியாதை கிடைத்துவிட்டது. எனக்குத்தான் இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று, அப்பா தொழிலை வாய்விட்டுச் சொல்ல.

அன்று ராத்திரி மகளிடம் சொன்னேன், "தாத்தா பரோட்டா மாஸ்டர் கண்ணு."

"அப்புறம் ஏன்ப்பா உங்களுக்கு வரலை?" என்றாள்.

நியாயமான கேள்வி. வர்ற சனிக்கிழமை காலையிலேயே மாவு பிசையப் போகிறேன்.