கொல்லப்படாதவளின் பெயர்

பெண்ணின் பெயரைப் பெண்ணே தேர்ந்துகொள்வது அபூர்வம். பிறந்ததும் அப்பா வீட்டார் வைக்கிறார்கள். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் தம் காதுக்குக் கேட்டபடி எழுதிக்கொள்கிறார். கல்யாணமானால் முன்னெழுத்து மாறுகிறது. குழந்தை பிறந்தால் இன்னாருடைய அம்மா. எனக்கு நாற்பத்து நான்காவது வயதில், எதிர்பாராத ஓரிடத்திலிருந்து அந்த வாய்ப்பு வந்தது. கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்வதற்கான ஆயத்த வகுப்பு நடத்திய சிஸ்டர், “பாதுகாவலராட்டு ஒரு புனிதரத் தேர்ந்தெடுத்து, பேரையும் யோசிச்சுட்டு வாங்க டீச்சர்” என்றார்.

ஏன் சேர்கிறேன் என்பதற்கு இந்தக் கட்டுரையில் பதில் இல்லை. அது வேறொரு கட்டுரை. கல்யாணத்துக்காக இல்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் முதலில் கேட்கப்படும் கேள்வி அதுதான்.

வயதுவந்த பிறகு சேர்கிறவர்களுக்கு ஞானஸ்நானம், உறுதிபூசுதல், நற்கருணை மூன்றும் வழக்கமாக ஈஸ்டருக்கு முந்தைய இரவு வழிபாட்டில் ஒன்றாகத் தரப்படுகின்றன. கூப்பிட ஒரு பெயர் வேண்டும். புனிதர் பெயர்தான் வேண்டுமென்று சட்டம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். 1917இன் திருச்சபைச் சட்டத்தில் பங்குச்சாமியார் கிறிஸ்தவப் பெயர் வைக்கச் செய்ய வேண்டும். பெற்றோர் இணங்காவிட்டால் ஒரு புனிதரின் பெயரையும் சேர்த்துப் பதிவேட்டில் இரண்டையும் எழுத வேண்டும். 1983இன் சட்டம் அவ்வளவு கெடுபிடி செய்வதில்லை. கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயராக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். உறுதிபூசுதலுக்குத் தனிப்பெயர் என்பது வழக்கம், சட்டம் இல்லை.

என் சான்றிதழ்களில் இருக்கும் பெயர் இசக்கியம்மாள். ஒவ்வுமா ஒவ்வாதா என்று சாமியாரிடம் கேட்கும் துணிச்சல் எனக்கு உடனே வரவில்லை.

சிஸ்டர் கொடுத்த சிறு புத்தகத்தில் பெண் புனிதர்கள் வரிசையாக இருந்தார்கள். ஆக்னெஸ், பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பெண், உரோமையில் கொல்லப்பட்டவள். ஆகத்தா, வெட்டப்பட்ட தன் மார்பகங்களைத் தட்டில் ஏந்தி நிற்பவள். லூசியா, தட்டில் தன் கண்களோடு. மரியா கொரற்றி, 1902இல் இத்தாலியில் தன்னை வல்லுறவு கொள்ள வந்த அதே வீட்டில் குடியிருந்த இளைஞனால் குத்திக் கொல்லப்பட்ட பதினொரு வயதுச் சிறுமி, 1950இல் புனிதராக்கப்பட்டவள். அந்தச் சிறுமிக்காக எனக்கு அழுகை வந்தது. ஆனால் கற்பின் முன்மாதிரி என்று அவளைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது, அதே கொடுமைக்கு ஆளாகி உயிர் பிழைத்த பிள்ளை அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தால் அவள் காதில் என்ன விழும்? செத்திருக்க வேண்டும் என்றுதானே விழும். கொல்லப்படாத பெண்களும் புத்தகத்தில் இருந்தார்கள். பெரும்பாலும் கன்னியர்கள். கல்யாணமானவர் என்றால் முரட்டுக் கணவனைப் பொறுத்துப் போன ரீத்தம்மாள், மகனுக்காக அழுத மோனிக்கம்மாள். பொறுத்தவள், அழுதவள், செத்தவள்.

இதைக் கத்தோலிக்கத்தின் குறையாக மட்டும் சொல்லிவிட்டு நான் நகர முடியாது. நான் புறப்பட்டு வந்த வீடும் அதே மாதிரிதான். ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் முப்பந்தல் இருக்கிறது. கேரளத்துக்குப் போகிற லாரிக்காரர்கள்கூட வண்டியை நிறுத்திக் கும்பிட்டுப் போகிற இசக்கியம்மன் கோயில். இசக்கி யார்? வில்லுப்பாட்டுக் கதையில் அவள் காதலனை நம்பிப் போனவள்; நகைக்காக அவன் கல்லைப் போட்டுக் கொன்ற பெண். மறுபிறவியில் நீலியாக வந்து பழிவாங்குகிறாள். நாஞ்சில் நாட்டில் அப்படிக் கொலையுண்டு தெய்வமான பெண்கள் ஒருவர் இருவர் அல்லர். அநியாயமாகச் செத்தவளுக்குப் பீடம் போட்டுக் கொடை கொடுத்துக் குளிரவைப்பது எங்கள் மண்ணின் அறம். அதை நான் மதிக்கிறேன்; என் ஆய்வுக் காலத்தில் பல இரவுகள் அந்தக் கதைகளைக் கேட்டு அழுதிருக்கிறேன். ஆனாலும் ஒரு கேள்வி மிஞ்சும். இந்தப் பெண்ணை உயிரோடு இருக்கும்போது கும்பிட்டிருந்தால் என்ன?

உண்மையில் நான் தேடியது, செத்ததற்காக அல்லாமல் வாழ்ந்ததற்காக நினைக்கப்பட வேண்டிய ஒருத்தியை.

தமிழ் படித்தவள் என்பதால் பெயர்களிலிருந்தே தேடத் தொடங்கினேன். பழைய கத்தோலிக்கத் தமிழ்ப் பெயர்களின் அழகு தனி. பவுல் என்ற இலத்தீன் பெயருக்குச் சிறியவர் என்று பொருள், ஆகவே சின்னப்பர். யோவானுக்குக் கடவுள் அருளினார் என்று பொருள்; அருளப்பர். யோசேப்பை வீரமாமுனிவர் 1726இல் இயற்றிய தேம்பாவணியில் வளன் ஆக்கினார். இந்தப் பெயர்கள் வேர்ச்சொல்லைத் தேடிப்போய்த் தமிழில் வேறு உடல் எடுத்தவை. பெண்களுக்கோ பெரும்பாலும் மாதாவின் பட்டங்கள்: அமலோற்பவம், ஆரோக்கியம், செபமாலை, பனிமயம், வியாகுலம். வியாகுலம் என்றால் துயரம். துயரம் என்று பெயர் வைத்து, ஒரு பெண்ணைக் காலையிலிருந்து இரவுவரை அந்தப் பெயரால் கூப்பிட்டுத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.

எங்கள் கடற்கரையில் பெயர் வந்த விதமும் தெரிந்ததுதான். 1544இல் பிரான்சிஸ் சவேரியார் திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். 1545 ஜனவரியில் எழுதிய கடிதத்தில் அதன் முறையையும் சொல்கிறார். ஞானஸ்நானம் கொடுத்து ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரை எழுதிக் கையில் தருவார். ஆண்கள் வீட்டுக்குப் போய்த் தங்கள் பெண்களையும் பிள்ளைகளையும் அனுப்பிவைப்பார்கள். அவர்களுக்கும் அதே முறை. அந்த வாக்கியத்தை நான் பலமுறை படித்தேன். வீட்டிலிருந்து அனுப்பிவைக்கப்பட்டவள், வரிசையில் நின்று, வாசிக்கத் தெரியாத ஓர் எழுத்துத் துண்டை வாங்கிக்கொண்டு திரும்புகிறாள். அதில் இருப்பது இனி அவள். ஆனாலும் அதற்கு முன்னால் அவள் பெயரை யாரும் எழுதிவைத்திருக்க மாட்டார்கள் என்பதையும் நான் யோசிக்க வேண்டியிருந்தது.

இருநூறு ஆண்டு கழித்து அதே பகுதியில் இன்னொரு தம்பதி. நட்டாலத்து நீலகண்டனை எல்லோருக்கும் தெரியும். மார்த்தாண்டவர்மாவின் அரசு ஊழியர்; குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாயின் நட்பால் கிறிஸ்தவத்தை அறிந்தவர்; 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றவர். லாசர் என்ற பெயருக்குக் கடவுள் உதவினார் என்று பொருள், ஆகவே தேவசகாயம். எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துச் சென்றார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியில் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். முப்பந்தலிலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். 2022 மே 15 அன்று உரோமையில் புனிதரானார்.

அவர் மனைவி பார்கவி. கணவரைத் தொடர்ந்து அவரும் ஞானஸ்நானம் பெற்றார். உறவினர்களின் கோபத்துக்கு அஞ்சித் திருவிதாங்கூர் எல்லைக்கு வெளியே வடக்கன்குளத்தில் குடியேறினார். அவர் பெற்ற பெயர் ஞானப்பூ. தெரேசா என்பதற்குத் தமிழில் ஞானப்பூ.

எனக்கு உடனே தமிழாசிரியைப் புத்தி வேலை செய்தது. லாசர் தேவசகாயமானது மொழிபெயர்ப்பு. தெரேசா ஞானப்பூ ஆனது மொழிபெயர்ப்பு இல்லை. தெரேசா என்ற சொல்லின் வேரில் ஞானமும் இல்லை, பூவும் இல்லை. அறுவடை என்று சிலர் பொருள் சொல்வார்கள். அப்படியானால் ஞானப்பூ அந்தப் பெயரை விட்டுவிட்டு அந்தப் பெண்ணைப் பார்த்து வைத்தது. இது என் வாசிப்பு. 1745இல் தெரேசா என்றால் இன்று படங்களில் ரோஜாக்களோடு நிற்கும் குழந்தை தெரேசாள் இல்லை. அவர் பிறந்ததே 1873இல். அன்றைக்கு இருந்தவர் அவிலாவின் தெரேசா. சவேரியாரும் அவரும் ஒரே நாளில், 1622 மார்ச் 12இல், புனிதர் பட்டம் பெற்றவர்கள்.

அவிலாவின் தெரேசா கொல்லப்படவில்லை. 1515இல் பிறந்து, அறுபத்தேழு வயதுவரை வாழ்ந்து, நோயில் இறந்தார். வண்டியில் ஸ்பெயினின் பல பகுதிகளைச் சுற்றிப் பதினேழு மடங்கள் நிறுவினார். புத்தகங்கள் எழுதினார், மத விசாரணை மன்றம் அவர் தன்வரலாற்றை வாங்கி வைத்துக்கொண்டது. அடங்காதவள், ஊர்சுற்றி என்று போப்பின் தூதரே ஏசினார். அந்த வசவை நான் புகழுரையாகவே படிக்கிறேன். அவர் தாத்தா யூத மதத்திலிருந்து மாறியவர், அதற்காக விசாரணைக்குள்ளாகி அவமானப்பட்டவர். ‘தூய இரத்தம்’ பார்த்த அந்தச் சமூகத்தில், மடத்துக்குள்ளேயே பிரபு வீட்டுப் பெண்கள் ‘தோன்யா’ என்ற பட்டத்தோடு வலம்வந்தார்கள். 1562இல் தன் முதல் மடத்தைத் தொடங்கியபோது தெரேசா அந்தப் பட்டத்தையும் குடும்பப் பெயரையும் விட்டு வெறும் தெரேசா ஆனார், இயேசுவின் தெரேசா. 1970இல், மறைவல்லுநர் என்று திருச்சபை அறிவித்த முதல் பெண்ணும் அவரே. ஞானப்பூ என்று வடக்கன்குளத்தில் சொல்லி இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகள் ஆகியிருந்தன.

பட்டத்தை விடுவது எங்கள் ஊருக்குத் தொடர்பில்லாத சங்கதி இல்லை. அதே வடக்கன்குளத்தில்தான் பிறகு சாதிக்கொரு பக்கமாக இரண்டு கூடம் வைத்துக் கோயில் கட்டினார்கள். தேவசகாயத்தின் பெயருக்குப் பின்னாலும் ‘பிள்ளை’ நெடுங்காலம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நீக்கச் சொல்லிக் கோரிக்கை போனது, வத்திக்கான் நீக்கியது. எல்லோரும் மகிழவில்லை. பெயர் மாறினாலும் வால் மாறாமலிருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு.

இரண்டு பெயர் வைத்துக்கொள்வதை நான் ஒரு அழகியல் தேர்வுபோலப் பேசிக்கொண்டிருக்கிறேன். எனக்கு அது முடியும். வேலை இருக்கிறது, சான்றிதழால் இழக்க ஒன்றுமில்லை. 1950இன் ஆணைப்படி கிறிஸ்தவராக மாறிய தலித் ஒருவர் பட்டியல் சாதித் தகுதியை இழக்கிறார். சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் வழி திறந்தது; கிறிஸ்தவருக்குத் திறக்கவில்லை. கோயிலில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர் என்று வாழும் குடும்பங்களை நம் மாணவிகளிடையே பார்க்கலாம். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரிப் பெண் ஒருவருக்குப் பட்டியல் சாதிச் சான்று மறுக்கப்பட்டதைச் சரியென்றது. அவர் ஞானஸ்நானம் பெற்றதும் கோயிலுக்குப் போய்வருவதும் அதற்குக் காரணங்களாயின. நான் விரும்பி எழுதும் அதே பதிவேட்டு வரி இன்னொருத்தியின் வேலையைப் பறிக்கிறது. அதற்குப் பயந்து அவள் பெயரை மறைத்தால் பொய்க்காரி என்கிறோம்.

அம்மாவிடம் சொன்னபோது அவள் மதத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “இசக்கியம்மாள்னா எனக்க அம்மைக்க பேராக்கும் மக்ளே. அத எங்க கொண்டு போடுவா?” என்றாள்.

“போடல்லம்மா. அதுவும் இருக்கும்.”

“பெறகு எதுக்கு இன்னொண்ணு?”

ஞானப்பூ கதையைச் சொன்னேன். தேவசகாயத்தை அவளுக்குத் தெரியும். காற்றாடிமலைக்குப் போயிருக்கிறாள், எங்கள் பக்கத்தில் எந்தச் சாமியும் யாருக்கும் அந்நியமில்லை. பெண்டாட்டி ஒருத்தி இருந்தது தெரியாது. “அவன வெடி வச்ச பெறகு அவ என்ன செய்தா?” என்று கேட்டாள். வடக்கன்குளத்திலேயே இருந்தாள், அங்கேயே இறந்தாள் என்றேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்பா இறந்தபோது அவளுக்கு முப்பத்தொரு வயது.

“தனியாட்டா இருந்தா?” என்றாள்.

அடுத்த வாரம் வகுப்பில் சிஸ்டர் படிவத்தை நீட்டினார். ஞானப்பூ என்று ஒரு புனிதர் இல்லையே டீச்சர் என்று தயங்கினார். பாதுகாவலர் என்ற கட்டத்தில் அவிலாவின் புனித தெரேசா என்று எழுதினேன். பெயர் என்ற கட்டத்தில் இசக்கியம்மாள் ஞானப்பூ. ஞானத்தாயின் கட்டம் மட்டும் காலியாக இருந்தது. தோளில் கைவைத்துப் பின்னால் நிற்க ஒருத்தி வேண்டும். கல்லூரியில் என்னோடு பதினைந்து வருடமாக வேலை பார்க்கும் வியாகுலமேரியிடம் இன்னும் கேட்கவில்லை.