விரல் அறியும் அழகு

அலங்காரம் பயனுக்குப் புறம்பானது என்பார் உளர். எங்கள் அடுக்களைத் தட்டிலுள்ள மூன்று கண்ணாடிப் போத்தல்கள் அக்கூற்றை மறுக்கின்றன.

கண்ணொளி குன்றியபின், உப்பு எது, சீனி எது என்று பிறரைக் கேட்டறிய வேண்டிய நிலை அம்மம்மாவுக்கு வந்தது. அந்நிலையை அவர் விரும்பவில்லை. அவர்பொருட்டு என் தங்கை அப்போத்தல்களைப் பொலிமர்க் களிமண்ணாலும் மணிகளாலும் அணிசெய்தாள்.

பெயரில் மண் இருப்பினும் இது மண்ணன்று. பொலிவைனைல் குளோரைட்டுடன் மென்மையூட்டும் பொருள் கலந்த குழையல். ஏறத்தாழ 130 பாகை செல்சியசில் அரைமணி நேரம் சுட்டால் உறுதிபெறும்; வெப்பம் மிகுந்தால் கருகி நச்சுப்புகை எழும். கண்ணாடி மணிகள் அவ்வெப்பத்தைத் தாங்கும். பிளாஸ்ரிக் மணிகள் உருகக்கூடும். உணவு படும் இடத்தில் இக்குழையல் ஆகாது. ஆதலின் வெளிப்புறத்திலேயே பதித்தாள்.

உப்புக்கு ஒற்றை மணி; சீனிக்கு மணிவரிசை; தேயிலைக்கு நரம்போடிய இலை வடிவம். வீட்டுக்கு வருவோர் அவற்றின் நிறங்களை வியக்கின்றனர். அம்மம்மா நிறங்களைக் காணார். விரலால் தடவி, எவரையும் அழையாது, தமக்கும் எமக்கும் தேநீர் ஆக்குகிறார். தம் அடுக்களையைத் தாமே ஆளும் உரிமையை அம்மணிகள் அவருக்கு மீட்டுத் தந்துள்ளன.